ஊமைக்காயத்துக்கு இங்கிலீஷில் என்ன?

2025 செப்டம்பர் 1, திங்கள். வீரவநல்லூர்

சாயங்காலம் செங்கோட்டை வண்டியில் பாப்பா வந்து இறங்கினாள். தங்கச்சி மகள். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு வருஷமாக நர்ஸ் வேலை. இருபத்தாறு வயதானாலும் எனக்கு அவள் பாப்பாதான். தோளில் ஒரு பை, கையில் ஒரு கட்டு ஜெராக்ஸ்.

அக்டோபரில் ஓஇடி என்று ஒரு தேர்வு எழுதப் போகிறாளாம். மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கென்றே வைத்திருக்கிற ஆங்கிலத் தேர்வு. கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. எழுதுவதில் சி பிளஸ், மற்ற மூன்றிலும் பி வாங்கினால் இங்கிலாந்து நர்ஸிங் கவுன்சிலுக்குப் போதும். எழுதுவது, வாசிப்பதெல்லாம் அவளுக்குப் பயமில்லை. பேசுவதுதான் உதைக்கிறது. அதில் ஒருவர் நோயாளியாக நடிப்பாராம். ஐந்து ஐந்து நிமிஷமாக இரண்டு நாடகம்.

"மாமா, நீங்கதான் எனக்கு பேஷன்ட்" என்றாள்.

நான் இந்த ஊர் டாக்டர் ஒருவரிடம் முப்பத்துமூன்று வருஷம் கம்பவுண்டராக இருந்தவன். அடிபட்டவன் எப்படி முழிப்பான், எங்கே விழுந்தேன் என்பதில் என்னென்ன பொய் சொல்வான் என்பதெல்லாம் அத்துப்படி. இங்கிலீஷ்தான் மருந்துச் சீட்டைத் தாண்டிப் போனதில்லை.

முதல் நாடகம் முதல் வரியிலேயே கவிழ்ந்தது. நான் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டவன். அவள் தாளைப் பார்த்து, "டிட் யூ புட் எ பிளாஸ்டர் ஆன் இட்?" என்று கேட்டாள். விரல் வெட்டுக்கு எவனாவது மாவுக்கட்டுப் போடுவானா? "நோ, நோ, போன் நாட் புரோக்கன்" என்றேன். அவளும் செத்த நேரம் யோசித்துவிட்டு, "அதானே?" என்றாள். அப்புறம் பின்பக்கத்தைப் புரட்டினால், அந்த ஊரில் பிளாஸ்டர் என்றால் நம்ம பேண்ட் எய்டாம்.

"ரெண்டு பேரும் பேசுறது இங்கிலீஷாக்கும்" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல். வீட்டுக்காரி.

செப்டம்பர் 3, புதன்

பிளாஸ்டர் இரண்டு நாளாக மண்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாரீஸ் நகரத்து மோன்மார்த்தர் குன்றில் ஜிப்சம் கல் வெட்டி, அதைச் சுட்டுப் பொடித்த மாவுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அந்த மாவைத் துணியில் தேய்த்து, நனைத்து, முறிந்த எலும்புக்குக் கட்டுகிற முறையை 1852-ல் மாத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர் எழுதி வெளியிட்டார். நம் ஆட்கள் அதைப் பார்த்து மாவுக்கட்டு என்றார்கள். இதைவிடச் சரியாக ஒரு பெயர் வைக்க முடியுமா?

ஒட்டுகிற பிளாஸ்டரின் கதை வேறு. பேண்ட் எய்ட் என்பது ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். 1920-ல் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சனில் பஞ்சு கொள்முதல் பார்த்த ஏர்ல் டிக்சனின் மனைவி சமையலில் அடிக்கடி கையை வெட்டிக்கொள்வாராம், சுட்டுக்கொள்வாராம். இவர் ஒட்டுநாடாவில் இடம் விட்டு விட்டுக் காஸ் துணித் துண்டுகளை வைத்து, வேண்டியபோது நறுக்கி ஒட்டிக்கொள்ளும்படி செய்து கொடுத்தார். மறுவருஷமே அது கடைக்கு வந்துவிட்டது. இதை வீட்டில் சொன்னதற்கு, "அந்த ஆளு கையில கத்திய வாங்கிட்டு, நீ போய் உக்காருன்னு சொல்லிருக்கலாம்லா?" என்று பதில் வந்தது. நியாயம்தான்.

ராத்திரி பாப்பா போனில் வந்தாள். பேசப் பேச ஒன்று பிடிபட்டது. புதுச் சொல் வந்தால் நாம் நின்று அர்த்தம் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் ஐம்பது வருஷமாகப் புழங்குகிற சொல்தான் காலை வாரிவிடுகிறது. இங்கே நர்ஸ் எல்லாருமே சிஸ்டர். அங்கே சிஸ்டர் என்றால் வார்டுக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ். சர்ஜரி என்றால் அங்கே டாக்டர் நோயாளி பார்க்கிற கிளினிக்கையும் சொல்வார்களாம். "நாளைக்கு சர்ஜரிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் நம்மாள் ராத்திரியே பட்டினி கிடந்து, சாமிக்கு நேர்ந்துகொண்டு போய் நிற்பான். முதலுதவிப் புத்தகத்தில் கேஷுவாலிட்டி என்று வந்தால் அது அடிபட்ட ஆளைக் குறிக்கும். நாம் ஓடுகிற கேஷுவாலிட்டிக்கு அங்கே ஏ அண்ட் ஈ என்று பலகை.

கம்பவுண்டர் என்றால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அந்தச் சொல் அங்கே இப்போது புழக்கத்தில் இல்லையாம். சரி, போகட்டும்.

செப்டம்பர் 6, சனி

கன்னடியன் கால்வாய்க் கரையில் பக்கத்து வீட்டு ஆச்சியின் பேரன் சைக்கிளோடு விழுந்தான். ஏழு வயது. முட்டியிலும் முழங்கையிலும் நல்ல சிராய்ப்பு, உள்ளங்கை முழுக்க மண். பாப்பா லீவில் வந்திருந்தாள். பையனைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். ஆச்சி காப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தாள்.

"ஆச்சி, அது காப்பிக்கு இருக்கட்டும். தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றாள் பாப்பா.

மண் போகும்வரை தண்ணீர், அப்புறம் ஒற்றித் துடைத்து, ஒட்டாத காஸ் வைத்து ஒரு கட்டு. அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்கெல்லாம் டிங்சர்தான். பையன் தெருமுனை வரை அலறுவான். அலறினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அம்மாக்களுக்கும் ஒரு திருப்தி. சிவப்பு மருந்து போட்டு அனுப்பிய காலமும் உண்டு. அதில் பாதரசம் என்று பின்னால்தான் எனக்குத் தெரியும்.

சிராய்ப்புக்கு கிரேஸ் என்று சொல்லவேண்டுமாம். அமெரிக்காக்காரன் ஸ்க்ரேப் என்பான், டாக்டர் அப்ரேஷன் என்று எழுதுவார். கிரேஸ் என்றால் மாடு மேய்வதும்தான். ரோடு முட்டியை மேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன், இனி மறக்காது. கீறல் ஸ்க்ராட்ச், வெட்டு கட், வாய் பிளந்த பெரிய வெட்டு என்றால் கேஷ். பத்தமடையில் பாய்க்குக் கோரை கிழிக்கிறவர்கள் விரலில் தெரிகிறதே, முடி இழை மாதிரி மெல்லிசாக, ரத்தம்கூடச் சரியாக வராமல் உயிர்போக எரிவது? அதற்குப் பக்கத்தில் வருவது பேப்பர் கட்.

முள்ளுக்கு தார்ன், சிலாம்புக்கு ஸ்ப்ளின்டர். பனையோலையில் கைவைத்த இந்தப் பக்கத்துக்காரனுக்கு சிலாம்பு தெரியாமல் இருக்காது. ட்வீசர்ஸ் என்றதும் எனக்கு எங்கள் பெரிய ஆச்சி இடுப்பில் சொருகியிருந்த முள்வாங்கி ஞாபகம் வந்தது. அவள் முள்ளை எடுக்கமாட்டாள், 'வாங்குவாள்'. கடன் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற மாதிரி.

கட்டுப் போட்டு முடித்த பிறகு பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். தூக்கிப் பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை. ஆச்சி தடவிப் பார்த்து, "ஊமைக்காயம்" என்றாள்.

"பாப்பா, இதுக்கு இங்கிலீஷ்ல என்னட்டி?"

"ப்ரூஸ், மாமா."

"அது கன்னிப்போறதுல்லா? நீலமா தெரியுமே. இது தெரியலையே, அதனாலதான ஊமைன்னே பேரு?"

அவள் தாளைப் புரட்டினாள். அதில் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் பையனின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். ஊமை வாயைத் திறந்துவிட்டது. பாப்பாவுக்கு ஒரு மார்க்.

செப்டம்பர் 10, புதன்

இன்று போனில் மட்டும்தான் பாடம். "வாட் கைண்ட் ஆஃப் பெயின்?" என்று கேட்டாள். "பெயின் ஈஸ் பெயின்" என்றேன்.

"இப்படிச் சொன்னா எனக்குத்தான் மார்க் போகும். பிரிச்சுச் சொல்லுங்க மாமா."

பிரித்துச் சொல்ல நமக்கா பஞ்சம்? டாக்டர் வருவதற்கு முன்னால் கிளினிக் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் என்னிடம்தான் சொல்வார்கள். தறிக்குழியில் நாள் முழுக்க மிதித்த நெசவுக்காரருக்குக் கால் 'உளையுது'. நகக்கண்ணில் சீழ் கட்டியவனுக்கு 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது'. மிளகாய் அரைத்த கை 'காந்துது'. பல் 'குடையுது'. முதுகில் 'சுருக்குனு குத்துது'. தேள் கொட்டியவனுக்கு 'கடுக்குது'. இதில் ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இதில் தப்புவதில்லை.

அவள் ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்தாள். உளைச்சல் டல் ஏக். தெறிப்பது த்ராபிங். காந்துவதற்கு பர்னிங் என்றும் சொல்லலாம், ஸ்டிங்கிங் என்றும் சொல்லலாம். குத்துவது ஸ்டேபிங். வெட்டி இழுத்துக்கொண்டு கால் வரைக்கும் போவது ஷூட்டிங். மரத்துப்போவதற்கு 'நம்' என்று இங்கிலீஷ் சொல், எழுத்தில் கடைசியில் ஒரு பி உண்டு, அதை வாயில் கொண்டுவரக் கூடாது. மரத்த கால் திரும்ப உயிர் பிடிக்கும்போது நமக்கு எறும்பு ஊர்கிறது, அவர்களுக்கு ஊசியும் குண்டூசியுமாகக் குத்துகிறது.

கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மெல்சாக் என்ற பேராசிரியர் 1975-ல் வலிக்கென்றே ஒரு கேள்வித்தாள் வெளியிட்டாராம். 78 சொற்கள், 20 குழு. எந்தெந்தச் சொல்லை நோயாளி தொடுகிறார் என்பதை வைத்து வலியை அளக்கிறார்கள். கேட்டதும் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அந்த மனிதர் எங்கள் பெஞ்சில் ஒரு திங்கட்கிழமை காலை உட்கார்ந்திருந்தால் இன்னொரு குழு சேர்த்திருப்பார்.

கடுக்குது என்பதற்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை. உளைச்சலும் எரிச்சலும் சேர்ந்து, மேலேறி மேலேறி வருமே, அது. இரண்டு மூன்று சொல்லைக் கட்டித்தான் சொல்லவேண்டும் என்றாள். கட்டிச் சொல்லட்டும்.

செப்டம்பர் 13, சனி

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை உலக முதலுதவி நாள். 2000-லிருந்து செஞ்சிலுவைக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். அதை நான் கணுக்காலை மடித்துக்கொண்டு கொண்டாடினேன். திண்ணையிலிருந்து இறங்கும்போது செருப்பு நழுவிவிட்டது. பத்து நிமிஷத்தில் குடம் மாதிரி வீங்கிவிட்டது.

வீட்டில் உடனே சுளுக்கு வழிக்கிற அம்மாவுக்கு ஆள் அனுப்பப் பார்த்தார்கள். பாப்பா போனில் தடுத்துவிட்டாள். முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்கவும் கூடாது, ஒத்தடமும் கூடாது, வீக்கம் கூடும் என்றாள். தெரிந்த சங்கதிதான். ஆனால் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேனோ, நமக்கு என்று வரும்போது எண்ணெய் வாசனைக்குத்தான் மனசு போகிறது.

எலும்பையும் எலும்பையும் பிடித்திருக்கிற நார் இழுபட்டால் ஸ்ப்ரெயின். சதை இழுபட்டால் ஸ்ட்ரெயின். ஒரு எழுத்தில் தப்பினால் மூட்டிலிருந்து சதைக்குப் போய்விடும். தூங்கி எழும்போது பிடித்துக்கொள்கிற கழுத்து இரண்டும் இல்லை, ஸ்டிஃப் நெக். நமக்கு மூன்றும் சுளுக்குதான். உள்ளே எது கிழிந்தது என்று அவர்கள் பார்க்கிறார்கள், வெளியே எது திரும்பமாட்டேன் என்கிறது என்று நாம் பார்க்கிறோம்.

"ரைஸ் ஞாபகம் இருக்கா மாமா?" என்றாள். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலைத் தூக்கி வைப்பது, இந்த நாலின் ஆங்கில முதலெழுத்துகள். 1978-ல் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். 2014-ல் அவரே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் பேச்சை மாற்றிக்கொண்டார். ஸ்பீக்கரில் ரைஸ் என்று கேட்டதும் வீட்டுக்காரி, "காலைல ஆக்குனது இருக்கு, மோர் ஊத்தித் தரவா?" என்றாள்.

காலை நீட்டிக்கொண்டு கிடந்தபோது வாசித்தது: 1878-ல் லண்டன் பக்கத்து வூலிச்சில் சாதாரண ஜனங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தவர்களில் பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர் ஒருவர். மறுவருஷம் ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் ஜூலு போரில் இறந்துபோனார். அவர் நடத்திய பாடத்தைத்தான் நான் திண்ணையில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தாயிற்று. கால் பரவாயில்லை.

இன்று ஒரே சொல்லில் முட்டிக்கொண்டோம், மயக்கம். நான் நோயாளி. "ஐ ஹேவ் மயக்கம்" என்று வேண்டுமென்றே சொன்னேன். எந்த மயக்கம் என்று அவள் கேட்கவேண்டும். தலை கிறுகிறுத்தால் டிஸி. கிடுகிடுவென்று எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால் லைட் ஹெடட். விழுந்து ஒரு நிமிஷத்தில் எழுந்தால் ஃபெய்ன்ட். எழுப்பினாலும் எழவில்லை என்றால் அன்கான்ஷியஸ். முதல் மூன்றுக்கும் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நாலாவதில் மூச்சைப் பார்க்கவேண்டும், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும், 108-ஐக் கூப்பிடவேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. எத்தனை கல்யாண வீட்டில் சோடாவும் கையுமாக ஓடி வருகிறவர்களை மறித்திருக்கிறேன்!

கிடி என்று சொல்லாதீர்கள், அங்கே அது கொஞ்சம் பழைய சொல் என்றாள். என் டாக்டர் முப்பது வருஷம் கிடினஸ் என்றுதான் எழுதினார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. பாபநாசத்தில் கால் வைக்க இடமில்லை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுப் படித்துறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பாப்பாவும் தங்கச்சியும் கூட வந்திருந்தார்கள்.

ஒரு பெரியவர் பாசியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்து நடந்தார், காலை ஊன்றினார், தொடையில் தோல் பெயரவில்லை. ஆனால் தொட்டதும் துள்ளினார். நான் பாப்பாவைப் பார்த்தேன். "டெண்டர்" என்றாள் மெதுவாக.

"பஞ்சாயத்துல விடுறதா?"

"இல்ல மாமா. தொட்டா வலிக்கிற இடம். 'நத்திங் டு சீ, பட் இட்ஸ் வெரி டெண்டர்.' ஊமைக்காயத்துக்கு இதான்."

ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம். ஆனால் நீலம் வருமுன்னே சொல்ல முடிகிறதே. இன்னொரு மார்க் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளைக்கு மூக்கில் ரத்தம். அம்மாக்காரி தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் தொண்டைக்குள் போய்ப் பிள்ளை ஓங்கரித்தது. "முன்னால குனியச் சொல்லுங்கம்மா. எலும்புக்குக் கீழே, மெத்துனு இருக்குல்லா, அந்த இடத்தை அமுக்கிப் பிடிங்க. வாயால மூச்சு விடட்டும்" என்றேன். பத்து நிமிஷம் விடாமல் பிடிக்கவேண்டும். எல்லாரும் அரை நிமிஷத்துக்கு ஒருதரம் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்ப்பார்கள், அதனாலேயே நிற்காது.

திரும்பும் பஸ்ஸில், "நீங்க இப்ப சொன்னதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா எனக்கு பி கிரேடு" என்றாள். எப்படி என்று கேட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் பழகியது 'அப்ளை பிரஷர்', 'எலிவேட் த லிம்ப்'. தேர்வில் நோயாளிக்குப் புரிகிற பேச்சுக்குத்தான் மதிப்பெண். பிரெஸ், பின்ச், ஹோல்ட், லீன் ஃபார்வர்ட், ரின்ஸ், லிஃப்ட். எல்லாம் குட்டிக் குட்டி வினைச்சொல். அமுக்கு, கிள்ளிப் பிடி, குனி, அலசு, தூக்கு. நான் கிளினிக்கில் நாள் முழுக்கப் பேசியது இதுதானே? இங்கிலீஷ் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளத்தான் நாம் பெரிய சொற்களைப் பிடிக்கிறோம். ரத்தம் வடிகிறவனுக்கு அது வேண்டாம். அம்பாசமுத்திரம் வரும்வரை அவள் ஒவ்வொரு பெரிய சொல்லாகச் சொல்ல, நான் அதைத் தமிழில் உடைக்க, அவள் அதைச் சின்ன இங்கிலீஷாக மாற்றினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும்போது, "நீங்க வாத்தியாரா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 26, வெள்ளி

கஞ்சி வடிக்கும்போது வீட்டுக்காரிக்குப் பானை நழுவி இடது புறங்கையில் கொட்டிவிட்டது. நல்லவேளை, எட்டணா அகலத்துக்கு இரண்டு இடம்தான்.

வளையலைக் கழற்றிவிட்டுக் கையைக் குழாயில் காட்டச் சொன்னேன். இருபது நிமிஷம். ஐந்து நிமிஷம் ஆனதும் டூத்பேஸ்ட் கேட்டாள், ஐஸ் கேட்டாள், அப்புறம் அந்த மஞ்சள் ஆயின்மென்ட் எங்கே என்றாள். எதுவும் தரவில்லை. சும்மா தண்ணீர்தான். பாப்பாவுக்கு போன் போட்டேன்.

"பர்ன் ஆர் ஸ்கால்ட்?"

"ஸ்கால்ட். ரைஸ் வாட்டர்."

"எனக்குக் கை எரியுது, ரெண்டு பேரும் பரீட்சை நடத்துறீங்களா?" என்று இவள் கத்தினாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை, அது போதும்.

ஸ்கால்ட் என்றால் வெந்நீர், ஆவி, எண்ணெய் இவற்றால் வருவது. பர்ன் என்றால் தீ, தோசைக்கல். நம்மிடம் இதற்குத் தனிச் சொல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ராத்திரி அவள் தங்கச்சியிடம் போனில் சொன்னாள்: "கை வெந்துட்டு." போன மாசம் தோசைக்கல்லில் பட்டபோது, "சுட்டுட்டு" என்றுதான் சொன்னாள். தண்ணீர் என்றால் வேகும், நெருப்பு என்றால் சுடும். அரிசியும் அப்பளமும் மாதிரி. முப்பத்துமூன்று வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த வித்தியாசம், இங்கிலீஷ் வழியாக வந்து இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஒரு இடத்தில் கொப்புளம் வந்திருக்கிறது. பிளிஸ்டர். உடைக்காதே என்று மூன்று தரம் சொல்லியாயிற்று. உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கே போயிருப்போம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. என் பழைய கத்தரிக்கோல், ஃபோர்செப்ஸ், கிட்னி டிரே மூன்றையும் துடைத்துச் சந்தனம் வைத்தேன். வேலையை விட்ட பிறகும் வருஷா வருஷம் வைக்கிறேன்.

இன்றைய பாடம் கடி. பைட், ஸ்டிங். நாய் கடிக்கும், பைட். குளவி கொட்டும், ஸ்டிங். தேளும் கொட்டும், அதுவும் ஸ்டிங். இதுவரை இரண்டு மொழியும் ஒத்துப்போகிறது. செய்யான் என்று நாம் சொல்கிற பூரான் கடிக்கும், பைட். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, எவ்வளவு சின்னப் பல் தடமானாலும் ஊசிக்குப் போகவேண்டும் என்பதை அவள் சின்ன வினைச்சொற்களிலேயே அழகாகச் சொன்னாள்.

அப்புறம் நான் ஒரு நோயாளியாக நடித்தேன். "சிஸ்டர், நைட் வயல்ல பூச்சி கடிச்சிட்டு." பாப்பா, "இன்செக்ட் பைட். இச்சிங் இருக்கா?" என்றாள்.

"தோத்துட்டியேட்டி" என்றேன்.

ராத்திரியில் நம் பக்கத்தில் பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டார்கள். பூச்சி என்பார்கள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் ஒரு வயல்காரர் இதே சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்கு டாக்டருக்குப் பதிலாக இருந்தவர் வெளியூர்க்காரர், பட்டணத்தில் படித்தவர். அரிப்புக்கு மாத்திரை எழுதப் போனார். வயல்காரர் காலில் இரண்டு புள்ளியையும் கண் இமை சொக்குவதையும் பார்த்து, "சார், ஸ்நேக்" என்றேன். நான் முழுசாகப் பேசிய இங்கிலீஷ் அந்த ஒரு சொல்தான் என்றுகூடச் சொல்லலாம். ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் அனுப்பினோம். பிழைத்து வந்து அடுத்த தை மாசம் ஒரு வாழைத்தார் கொடுத்தார்.

பாப்பா செத்த நேரம் பேசவில்லை. அப்புறம் நோட்டில் எழுதிக்கொண்டாள். இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட காலை அசையாமல் வை, சிம்பு வைத்துக் கட்டு. சிம்புக்கு ஸ்ப்ளின்ட். போன மாசம் பார்த்த ஸ்ப்ளின்டருக்கு இது அண்ணன் தம்பி. நம்மிலும் பிளந்த குச்சிதானே சிம்பு.

அக்டோபர் 9, வியாழன். திருநெல்வேலி ஜங்ஷன்

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் பாப்பா சென்னைக்குக் கிளம்பினாள், தேர்வுக்கு. தங்கச்சி புளியோதரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்காரியும் வந்திருந்தாள், புறங்கையில் புதுத் தோல் பளபளவென்று இருக்கிறது.

பிளாட்பாரத்தில் பாப்பா நொண்டினாள். தேர்வுக்கென்று வாங்கிய புது ஷூ. குதிகாலில் தோல் வழன்றிருந்தது.

"ஷூ பைட்" என்றேன் ஜம்பமாக.

"அங்க அப்படிச் சொல்லமாட்டாங்க மாமா. ஷூ உரசிட்டு, பிளிஸ்டர் வந்துட்டு, அவ்வளவுதான். நாமதான் செருப்பு கடிச்சிட்டுன்னு சொல்லி, அதை அப்படியே இங்கிலீஷாக்கிட்டோம்."

அந்த ஊரில் செருப்புக்குப் பல் இல்லை போலிருக்கிறது. வண்டி ஊதியது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "மாமா, பிளாஸ்டர் இருக்கா?" என்றாள்.

சட்டைப் பையில் இரண்டு இருந்தது. இரண்டையும் கொடுத்தேன்.